தந்தக் கண்ணாடி வீடு

வனச்சரகர் ஜெபராணி. அவருடன் வந்த வனக்காவலர் மாசானம். சாட்சிக் கையெழுத்துக்காக அழைக்கப்பட்ட எதிர்வீட்டுப் பலவேசம். மருமகள் தெய்வானை. பிறகு, வீட்டுப் பெரியவரான அவர்.

அன்று காலை கூடத்தில் இருந்தவர்கள் இவ்வளவே. தாமும் இருந்ததாகச் சொல்லிக்கொள்பவர்கள் எல்லோரும் வாசலுக்கு வெளியே நின்றவர்கள்.

மேசைமேல் கண்ணாடி கிடந்தது. கைப்பிடி வைத்த, முகம் பார்க்கும் கண்ணாடி. வெண்ணெய் நிறம். எண்பது வருடத்தில் ஒரு கீறல் இல்லை.

யாரோ மொட்டைக் கடிதம் போட்டிருந்தார்கள். அந்த வீட்டில் யானைத்தந்தம் இருக்கிறது, அரசாங்கத்தில் பதியவில்லை என்று.

மொட்டைக் கடிதம் எதற்கு? தெருவுக்கே தெரிந்த விஷயம். தபால்காரருக்குக் கதவு எண் வேண்டாம். தந்தக் கண்ணாடி வீடு என்றால் போதும். அவருடைய அப்பா தம் கல்யாணத்துக்குக் கொழும்பிலிருந்து கொண்டுவந்தது. அந்த வீட்டுக்கு வாழவரும் பெண் முதலில் அதில்தான் முகம் பார்க்க வேண்டும்.

"பதிஞ்சதுக்குச் சான்றிதழ் இருக்காங்கய்யா?"

இல்லை. எங்கள் வீட்டுப் பெண்கள் முகம் பார்க்கிற கண்ணாடியை எந்த ஆபீசில் போய்க் காட்டுவது என்று ஒரு காலத்தில் கேட்டவர் அவர்.

"தந்தம்னு ஆயிட்டா என்னால ஒண்ணும் செய்ய முடியாது. கூட்டிக்கிட்டுத்தான் போகணும்."

எழுபத்தாறு வயது. பட்டப்பகல். தெரு நீளத்துக்கும் ஜீப்பில்.

அவர் நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தார். வேட்டியை இழுத்து இறுக்கிக்கொண்டார்.

ஜெபராணி லென்ஸை வைத்துக் கைப்பிடியைப் பார்த்தார்.

உள்ளே மெல்லிய கோடுகள் ஓடின. யானையின் வயதுக் கோடுகள் என்று வருகிற விருந்தாளிக்கெல்லாம் அவர் காட்டுவது வழக்கம்.

"கோடு ரொம்ப நேரா இருக்கே, தந்தத்துல வளைஞ்சு குறுக்க ஓடுமே" என்றார் ஜெபராணி. "ஒரு ஊசி குடும்மா. அடுப்புல காட்டி எடுத்துட்டு வா. அப்படியே ஒரு சொம்புத் தண்ணி."

"தண்ணி எதுக்கு?" தெய்வானை கேட்டாள்.

"தந்தமா இல்லாட்டி தீப்பிடிச்சாலும் பிடிக்கும்."

அவர் கண்களை மூடினார்.

தந்தமாக இருக்கக்கூடாது என்று வேண்டினார்.

வேண்டிய மறுநொடி பதறினார். அப்படியானால் அப்பா? ஏமாந்து வந்தாரா? தெரிந்தே சொன்னாரா?

எதை வேண்டுவது என்று தெரியவில்லை. வெறுமனே சாமி பெயரைச் சொல்லிக்கொண்டிருந்தார்.

ஊசி வந்தது. மாசானம் அதைத் துணியில் பிடித்துக் கைப்பிடியின் அடியில் வைத்தார்.

சத்தமில்லாமல் இறங்கியது.

நூல்போல் ஒரு புகை. பிறகு வாசம்.

கற்பூரம்.

பூசையறையில் காலையில் ஏற்றிய கற்பூரம் எப்போதோ அணைந்துவிட்டிருந்தது.

தெய்வானை கன்னத்தில் போட்டுக்கொண்டாள். "மாமா, அம்மன் வாசம்!"

அந்த வாசம் அவருக்கும் தெரியும். கண்ணாடியைக் கையில் ஏந்திச் சற்று நேரம் இருந்த மணப்பெண்கள் எல்லோருக்கும் அது வந்திருக்கிறது. அவருடைய மனைவிக்கு வந்தது. எங்கள் வீட்டுக்குள் மருமகளுக்கு முன்னால் அம்மன் நுழைகிறாள் என்று அவரே கல்யாணப் பந்தலில் எழுந்து நின்று சொல்லியிருக்கிறார்.

"இதுல கற்பூரம் சேர்த்துத்தாம்மா செய்வாங்க" என்றார் ஜெபராணி. "கையில வச்சு சூடாச்சுன்னாலே மணக்கும். செல்லுலாய்டு. அந்தக் காலத்துப் பிளாஸ்டிக்."

லென்ஸைத் துடைத்துப் பையில் வைத்தார்.

"எங்க வச்சிருந்தீங்க இத?"

"பூசையறையில. விளக்குக்குப் பக்கத்துல."

"எத்தனை வருஷமா?"

தெய்வானை விரலை மடக்கத் தொடங்கி, நிறுத்திவிட்டாள். அவர் தலையை உயர்த்தி மேலே பார்த்தார். தேக்கு மச்சு. தேக்கு உத்தரம். தலைமுறை தலைமுறையாகக் கீழே தூங்கிய குழந்தைகள்.

ஜெபராணி எழுதினார். தந்தம் அல்ல. பறிமுதல் இல்லை. பலவேசம் கையெழுத்துப் போட்டுவிட்டுப் பெரியவர் காதருகே குனிந்தார்.

"அண்ணாச்சி, கலங்காதிய. நா பாத்தது என்னோட போச்சு. வெளிய எவன் கேட்டாலும் தந்தம்னே சொல்லுதேன்."

வேண்டாம் என்று சொல்ல வாய் திறந்தார்.

மூடிக்கொண்டார்.

ஜெபராணி கண்ணாடியைத் திருப்பித் தரப் போனவர் ஒரு கணம் நின்றார். அதில் தம் முகத்தைப் பார்த்தார். காதோரத்து முடியை ஒதுக்கினார். அழகாகத்தான் இருந்தது. "இதையும் இப்ப தேடித்தேடி வாங்குறாங்கய்யா. விளக்குப் பக்கத்துல மட்டும் வைக்காதீங்க."

பிறகு, தீக்கென்று கொண்டுவந்து வைத்த சொம்பை எடுத்து அண்ணாந்து குடித்தார். நல்ல வெயில்.

ஜீப் வெறுமனே திரும்பிப் போனதை வாசலில் நின்றவர்கள் பார்த்தார்கள்.

பலவேசம் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார்.

அதனால், அந்த வீட்டுக் கண்ணாடி தந்தம்தான் என்றும், பெரியவர் அதிகாரியம்மாவைச் சரிக்கட்டி அனுப்பிவிட்டார் என்றும் தெருவில் இன்றுவரை ஒரு பேச்சு இருக்கிறது.

தவறு.

அந்த அம்மாள் அந்த வீட்டில் வாங்கியது ஒரு சொம்புத் தண்ணீர். கண்ணாடி பிளாஸ்டிக்.

இதை இப்படியே, இருந்தவர்கள் பெயரோடு எழுதச் சொன்னவர் அந்தப் பெரியவரே.