சுன்னிவா புழு

பத்திரிகையின் மூன்றாம் பக்கத்தில் கொட்டை எழுத்தில் போட்டிருந்தார்கள்: "வாயில்லை, வயிறில்லை, திமிங்கல எலும்புதான் சாப்பாடு. புதிய கடற்புழுவின் பெயர் சுன்னிவா!"

பெர்கன் ஊரில் சுன்னிவாக்கள் எத்தனையோ பேர். ஆனால் புழு ஆராய்ச்சிக்காரர் மனைவி சுன்னிவா ஒருத்திதான். அது பேக்கரிக்காரனுக்குக்கூடத் தெரிந்திருந்தது.

"வாங்க டீச்சரம்மா! பன் இருக்கு, கேக் இருக்கு. எலும்புதான் தீந்துபோச்சு."

கடையில் இருந்தவர்கள் அடக்க முடியாமல் சிரித்தார்கள். முப்பது வருடம் கணக்கு டீச்சராக இருந்து ஊரையே நடுங்க வைத்தவளுக்கு, எழுபத்தோரு வயதில் இந்த அவமானம் தேவையா? எதுவும் வாங்காமல் வெளியே வந்தாள். கொட்டிய மழைகூட உறைக்கவில்லை.

யார் வேலை என்று யோசிக்கவே வேண்டியதில்லை. செய்தியின் கீழே பேட்டி கொடுத்திருந்தவர் பேராசிரியர் ஒட்முண்ட். அவள் கணவர் ஹல்வார்டோடு ஒரே ஆய்வகத்தில் வேலை பார்த்தவர். பதினேழு வருடம் இருவருக்கும் பேச்சுவார்த்தை இல்லை. மதியம் ஒரே அறையில் ஆளுக்கொரு மூலையில் உட்கார்ந்து பிரட்டைக் கடித்தார்கள். ஏன் என்று கேட்டால் ஹல்வார்ட், "விடு, அது புழு விஷயம்" என்பார்.

போன வருடம் ஹல்வார்ட் போய்ச் சேர்ந்தார். அடக்கத்துக்கு வந்த ஒட்முண்ட் கடைசி வரிசையில் உட்கார்ந்திருந்துவிட்டு, அவளிடம் ஒரு வார்த்தை பேசாமல் எழுந்து போனார்.

செத்தவரிடம் தீர்க்க முடியாத பகையை அவர் மனைவியிடம் தீர்த்துக்கொள்கிறார். வேறென்ன?

அன்று மாலைக்குள் பத்திரிகைக்குக் கடிதம் எழுதிவிட்டாள். ஆனால் ஒருவரை முதுகுக்குப் பின்னால் திட்டுவது அவளுக்குப் பழக்கமில்லை. மறுநாள் நேரே ஆய்வகத்துக்கே போனாள்.

"முதல்ல இதப் படிங்க. நாளைக்குப் பத்திரிகைக்குப் போகுது."

ஒட்முண்ட் கண்ணாடியை மாட்டிக்கொண்டு படித்தார். 'அந்த ஆய்வகத்தில் முதுகெலும்பில்லாதது புழு மட்டுமல்ல' என்ற வரியில் கொஞ்சம் நின்றார்.

"சரியாத்தான் எழுதியிருக்கீங்க. அனுப்புங்க."

"கொழுப்பப் பாரு! உங்களுக்கு வேற பேரே கிடைக்கலையா? உங்க பொண்டாட்டி பேர வைக்க வேண்டியதுதானே?"

"அவ கொன்னே போட்டிருப்பா."

"இது சிரிக்கற விஷயமில்ல. பேர மாத்துங்க. மனுஷங்க பேரப் புழு பூச்சிக்கு வைக்கலாமா கூடாதான்னு உங்க ஆளுங்களே உலகம் பூரா அடிச்சுக்கறாங்க. நானும் பேப்பர் படிக்கறவதான்."

"அந்தச் சண்டை நடந்துக்கிட்டுதான் இருக்கு. ஆனா அச்சுல வந்த பேர மாத்த எங்க விதி இன்னும் இடம் கொடுக்கல, சுன்னிவா. பேர் வெச்சவரே வந்து கேட்டாலும் நடக்காது."

"நீங்க கேட்டுப் பாத்தீங்களா?"

"வெச்சது நான் இல்லியே" என்றார் ஒட்முண்ட், தரையைப் பார்த்துக்கொண்டு.

மேசை இழுப்பறையிலிருந்து ஒரு மஞ்சள் ஃபைலை எடுத்துக் கொடுத்தார். "ஹல்வார்ட் சாமான்னு மூணு பெட்டி அனுப்பி வெச்சீங்களே, அதுல இருந்தது. படிச்சு முடிக்கவே எனக்கு நாலு மாசம் ஆச்சு."

பன்னிரண்டு பக்கம். கோழி கிளறியது போன்ற கையெழுத்து. அதை உலகத்தில் தன்னைத் தவிர யாராலும் படிக்க முடியாது என்று நாற்பது வருடம் கணவரைக் கேலி செய்திருக்கிறாள். கடைசிப் பத்தியில் கண் நின்றது.

'பெண் புழு விரல் நீளம். ஆண் கண்ணுக்கே தெரியாது. ஆயுள் முழுவதும் பெண்ணின் கூட்டுக்குள்ளேயே ஒண்டிக்கொண்டு வாழும். வெளியே வந்தால் பிழைக்காது. பெயர்: சுன்னிவா. காரணம் என் மனைவிக்குப் புரியும்.'

சிரிப்புதான் வந்தது. பாதியிலேயே அது அழுகையாகிவிட்டது.

"பாவி மனுஷன்! நேர்ல ஒரு நாள் சொன்னதில்ல."

மூக்கைத் துடைத்துக்கொண்டு மேலே இருந்த தேதியைப் பார்த்தாள். "பதினெட்டு வருஷம் முன்னாடியே எழுதி வெச்சிருக்காரே! அப்பவே ஏன் வெளியிடல?"

ஒட்முண்ட், அச்சாகி வந்த ஆய்விதழை அவள் முன்னால் வைத்துவிட்டு, காபி போடும் சாக்கில் முதுகைத் திருப்பிக்கொண்டார்.

கட்டுரையின் தலைப்புக்குக் கீழே ஹல்வார்டின் பெயர் இருந்தது. அது மட்டும்தான் இருந்தது. சுன்னிவா ஒவ்வொரு பக்கமாகப் புரட்டி ஒட்முண்டின் பெயரைத் தேடினாள். கடைசிப் பக்கத்தின் அடியில், உலகத்துப் புழு ஆராய்ச்சிக்காரர்கள் அத்தனை பேரும் படிக்கப்போகும் இடத்தில், அது கிடைத்தது.

'இக்கட்டுரை பதினெட்டு ஆண்டுகளுக்கு முன்பே இவ்விதழுக்கு வந்தது. இதழ் கேட்டுக்கொண்டபடி, பெயர் தெரிவிக்காமல் அதை மதிப்பிட்டு, "இது புதிய இனம் அல்ல" என்று திருப்பி அனுப்பியவன் நான். என் எழுத்து நடையை வைத்தே ஹல்வார்ட் என்னைக் கண்டுகொண்டார். இப்போது மரபணுச் சோதனை முடிவு சொல்லிவிட்டது. அவர் சொன்னதே சரி. நான் தவறு. அதை அவர் முகத்துக்கு நேரே சொல்ல எனக்குத் தைரியம் வந்தபோது அவர் இல்லை. ஒட்முண்ட்.'

"பால் விடலாமா?" என்றார் ஒட்முண்ட், திரும்பாமலே.

"விடுங்க" என்ற சுன்னிவா, அவர் காதில் விழுந்துவிடக் கூடாதென்று மெல்ல மெல்ல, தன் கடிதத்தை நாலாகக் கிழித்தாள்.