பெல்ட்டின் கடைசி முழம்

"வேலூர்ல ஓடுன வண்டி இது அக்கா, வெள்ளத்தக் கண்ணால கூட..."

"காணாத வண்டிக்கு சீட்டு மட்டும் இன்னாத்துக்கு அண்ணாச்சி புச்சா கீது?"

ஜெபசிங்கை முடிக்க விடாமல் குறுக்கே பாய்கிறாள் கெங்கம்மா. திருவொற்றியூர் வெயிலில் அவர் விற்கவிருக்கும் பழைய பிக்கப் வண்டி பளபளவென்று நிற்கிறது. சாலையில் கண்டெய்னர் லாரிகள் இரைந்துகொண்டு போகின்றன. நெட்டுக்குப்பத்தில் தனக்கென்று இருந்த ஒரே படகை விற்றுவிட்டு, மீன் ஏற்ற வண்டி தேடி வந்திருக்கிறாள் அவள். இது நடுவழியில் படுத்துக்கொண்டால் மீனோடு பிழைப்பும் நாறிப்போகும். எஞ்சின் சத்தத்தில் ஒரு பிசிறு இல்லை. உள்ளே சென்ட் வாசம் கல்யாண வீடாகத் தூக்குகிறது, அதுதான் அவளை உறுத்துகிறது. டிரைவர் சீட்டின் பெல்ட்டைப் பிடித்து இழுக்கிறாள். "போட்டுப் பாக்கியளா?" என்று சிரிக்கிறார் ஜெபசிங். வலை இழுத்த கை நிற்காமல் இழுக்கிறது. யாரும் இழுத்துப் பார்க்காத கடைசி முழம் வெளியே வருகிறது. அங்கே பட்டை கறுத்து, விரலில் பிசுபிசுக்கிறது. முகர்ந்து பார்க்கிறாள். வெள்ளத்தோடு ஆலை எண்ணெயும் அவள் ஊருக்குள் புரண்டு வந்த வருடத்தின் நாற்றம். ஜெபசிங் சாவியைத் திருகி எஞ்சினை அணைக்கிறார்.

"இதே கறை எங்க வூட்டு செவுத்துல இடுப்பு ஒசரத்துக்கு கீது. உன் வண்டி யாரு வூட்டாண்ட நின்னுச்சு அண்ணாச்சி?"