பிரேக்கில் கொஞ்சம் காற்று

“மிதிங்க சார்... நல்லா மிதிங்க! ஆங், அப்படியே பிடிங்க. விட்றாதீங்க!”

பின்சக்கரத்தின் அருகே மல்லாந்து கிடந்த மெக்கானிக் பாண்டிராஜ் குரல் கொடுத்தான். பழைய ஃபியட் காரின் ஸ்டீரிங்கைப் பிடித்தபடி இன்பசேகரன் பல்லைக் கடித்தார். வலது கால் நடுங்கியது. மூன்று எண்ணுவதற்குள் பெடலிலிருந்து வழுக்கிவிட்டது.

“போச்சு! காத்து திரும்ப உள்ள ஏறிருச்சு.”

“நேத்தும் இதையேதான் சொன்ன. எம்புட்டுக் காத்துடா இருக்கும் அதுக்குள்ள?”

“அம்பது வருசத்து வண்டி சார். அம்பது வருசத்துக் காத்து இருக்கும்ல?”

வாசலில் நின்ற மகள் ஜெனி சிரிப்பை அடக்கிக்கொண்டாள்.

அப்பாவுக்குப் பக்கவாதம் வந்து இரண்டு மாதம். கை தேறிவிட்டது. வலது கால்தான் சொன்னபடி கேட்கவில்லை. தினமும் அழுத்தி எடுத்துப் பழக்கினால் நடந்துவிடுவார், சும்மா விட்டால் சக்கர நாற்காலிதான் என்று டாக்டர் சொல்லிவிட்டார். பயிற்சி கொடுக்க வந்தவரையோ அப்பா மூன்றாம் நாளே விரட்டிவிட்டார்.

“முப்பத்தஞ்சு வருசம் கணக்கு வாத்தியாரா இருந்தவனுக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு சொல்லித் தர்றானாம்!”

அந்த நேரத்தில்தான் காருக்கடியில் பிரேக் ஆயில் சொட்டத் தொடங்கியது. மாஸ்டர் சிலிண்டரில் ரப்பர் தேய்ந்திருந்தது. பாண்டிராஜ் புதிது போட்டான். குழாயில் புகுந்த காற்றை வெளியேற்ற, ஒருவர் பெடலை மிதித்துப் பிடிக்க வேண்டும், இன்னொருவர் சக்கரத்தருகே திருகாணியைத் திறந்து மூட வேண்டும். “என் வண்டி, நான்தான் மிதிப்பேன்” என்று அப்பா பிடிவாதமாக ஏறி உட்கார்ந்தார். சலிக்காமல் இருபது தடவை மிதித்தார்.

அன்று சாயங்காலமே ஜெனி பழங்காநத்தத்திலிருந்த பட்டறைக்கு ஓடினாள்.

“தம்பி, வேலை முடிஞ்சாலும் முடிஞ்சதாச் சொல்லாத. தினமும் வந்து, காத்து இருக்குன்னே சொல்லி மிதிக்கவிடு. அவர் கால் சரியாகணும்ப்பா.”

பாண்டிராஜ் ஒரு கேள்விகூடக் கேட்காமல் தலையாட்டினான். தங்கமான பிள்ளை என்று நினைத்துக்கொண்டாள்.

ஒன்பதாவது நாள் வந்தது.

“இன்னொரு தடவை சார். மிதிங்க!”

இன்பசேகரன் மிதித்தார். ஜெனி மனதுக்குள் எண்ணினாள். ஐந்து... எட்டு... பத்து. கால் அசையவில்லை. பன்னிரண்டு.

“இன்னும் பிடிக்கணுமாடா? இல்ல, தூங்கிட்டியா?”

“போதும் சார், போதும்! காத்து அம்புட்டும் வெளிய வந்துருச்சு. இனிமே கொட்டாம்பட்டி வரைக்கும் அடிச்சு விரட்டலாம்.”

இன்பசேகரன் கதவைத் திறந்தார். யாரையும் கூப்பிடவில்லை. வலது காலைத் தரையில் ஊன்றி எழுந்தார். ஓர் அடி. இன்னொன்று. நான்கு அடி நடந்து சுவரைப் பிடித்துக்கொண்டு, “என்ன பார்த்துக்கிட்டு நிக்கிற? டீ போட்டியா?” என்றார்.

“இந்தா... போடுறேன்ப்பா.” சமையலறைக்குள் போய் முந்தானையால் முகத்தை அழுந்தத் துடைத்துக்கொண்டாள். இரண்டு மாதமாக நெஞ்சில் கிடந்த கல் இறங்கிவிட்டது.

டீ குடித்துவிட்டுக் கிளம்பிய பாண்டிராஜை வெளிக்கேட்டில் பிடித்தாள்.

“தம்பி, இத்தனை நாளா உன்னையப் பொய் சொல்ல வச்சுட்டேன். அப்பாவுக்கு மட்டும் தெரிய வேணாம்ப்பா. தெரிஞ்சா ஆடித் தீர்த்துருவாரு.”

பாண்டிராஜ் தலையைச் சொறிந்தான்.

“அக்கா, அன்னைக்கு நீங்க பட்டறைக்கு வந்தீங்கள்ல, அதுக்கு அரைமணி நேரம் முன்னாடியே சார் போன் போட்டுட்டாரு. ‘வேலை முடிஞ்சாலும் காத்து இருக்குன்னே சொல்லுடா, பெத்த பிள்ளை பார்க்க ஒண்ணு ரெண்டுன்னு காலைத் தூக்க வெக்கமா இருக்கு, ஆனா ஜெனிக்கு மட்டும் தெரிய வேணாம்’னாருக்கா.”