கோச் கேட்ட விமானம்

"நூத்தித் தொண்ணூறு சீட் விமானம் வேணும். இல்லேன்னா என் கையெழுத்து கிடையாது."

சொல்லிவிட்டு நாற்காலியில் சாய்ந்துகொண்டார் டுவெய்ன் மெக்கஸ்கர். அமெரிக்காவின் மேற்குக் கரையில் உள்ள ஹாலோவே பல்கலைக்கழகத்தின் அமெரிக்கப் புட்பால் கோச்.

நூறு வருஷமாகப் பக்கத்து ஊர் அணிகளோடு விளையாடிய லீக்கை விட்டுவிட்டு, நாலாயிரம் கிலோமீட்டர் தள்ளி, கிழக்குக் கரை லீக்கில் சேரப் போகிறது ஹாலோவே. எல்லாம் டி.வி. ஒப்பந்தத்துக்காக. டி.வி. கம்பெனி போட்ட நிபந்தனை ஒன்றே ஒன்று: மெக்கஸ்கர் இன்னும் ஐந்து வருஷம் இங்கேயே இருக்க வேண்டும்.

"உங்க டீமுக்கு நூத்தம்பது சீட் போதுமே கோச்?" தயங்கித் தயங்கிக் கேட்டார் விளையாட்டுத் துறை இயக்குநர் ஹோலிஸ்.

"மீதி நாப்பதுல யார் உக்காரணும்கிறது என் இஷ்டம். அதையும் சேர்த்து எழுதிடுங்க."

ஹோலிஸ் மறுபேச்சில்லாமல் எழுதிக்கொண்டார்.

மேஜையின் கடைசியில் உட்கார்ந்திருந்த கெரி ஆஸ்ட்ரமுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. பெண்கள் வாலிபால் அணியின் கோச் அவள்.

போன வாரம்தான் இதே ஹோலிஸிடம் கெஞ்சிவிட்டு வந்திருந்தாள்.

"ஞாயித்துக்கிழமை கிழக்குல ஆடிட்டு, ரெண்டு விமானம் மாறி, திங்கள் மத்தியானம்தான் பொண்ணுங்க ஊர் திரும்ப முடியும் சார். ஜோலின் நர்சிங் படிக்கிறா. திங்கள் காலையில ஆஸ்பத்திரி பயிற்சி. மூணு நாள் தவறினா அந்த வருஷமே போச்சு. சரி, விளையாட்டை விடலாம்னா, உதவித்தொகை போயிடும். நேர் விமானம் இருந்தா..."

"புரியுதும்மா. அடுத்த வருஷம் பார்க்கலாம்."

ஜோலினோடு சேர்த்து ஏழு பேர் விலகல் கடிதம் எழுதி வைத்திருந்தார்கள்.

கூட்டம் முடிந்ததும் கார் நிறுத்துமிடத்தில் மெக்கஸ்கரை மடக்கினாள் கெரி.

"உங்களுக்கு வெக்கமா இல்ல?"

"எதுக்கு?"

"என் பொண்ணுங்க படிப்பா விளையாட்டான்னு அழுதுட்டிருக்காங்க. நீங்க மாமனையும் மச்சானையும் ஏத்திக்கிட்டுப் போக நாப்பது சீட் கேக்கறீங்க!"

மெக்கஸ்கர் கையிலிருந்த டோநட்டை ஒரு கடி கடித்தார்.

"எனக்குக் காலை நீட்டி உக்காந்தாத்தான் தூக்கம் வரும், கெரி."

காரில் ஏறிப் போய்விட்டார்.

ஊரும் சும்மா இருக்கவில்லை. முடிவெட்டும் கடையில், பெட்ரோல் பங்கில், சர்ச் வாசலில் எல்லாம் இதே பேச்சு. 'ராஜா வருகிறார், வழி விடுங்கள்' என்று கேலிச்சித்திரம் போட்டது உள்ளூர்ப் பத்திரிகை. ஒப்பந்தம் கையெழுத்தானது.

ஆகஸ்டில் வாலிபால் அட்டவணை வந்தது. அதைப் பிரித்த கெரிக்கு ஒன்றும் புரியவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஆட்டம் ஒன்றுகூட இல்லை. கிழக்கே ஆட வேண்டியதெல்லாம் வெள்ளிக்கிழமைக்கு மாறியிருந்தது.

லீக் அலுவலகத்துக்குப் போன் செய்தாள்.

"அந்தந்த ஊர் வாலிபால் கோச்சுங்களே மாத்திக்கறோம்னு எழுதிக் குடுத்தாங்க மேடம். யாரோ ஒவ்வொருத்தரையா கூப்பிட்டுப் பேசினாங்களாம்."

"யாரு?"

"அது தெரியல மேடம்."

செப்டம்பரில் முதல் பயணம், மேரிலாந்துக்கு. சாதாரண விமானத்துக்குத்தான் டிக்கெட் போடச் சொல்லியிருந்தாள் கெரி. வியாழக்கிழமை காலை அலுவலகத்திலிருந்து போன்.

"உங்க டிக்கெட் எல்லாம் ரத்து. டீமைக் கூட்டிக்கிட்டு தனி விமானம் நிக்கிற இடத்துக்குப் போங்க."

போனாள். அங்கே புட்பால் அணியின் விமானம் நின்றிருந்தது. படிக்கட்டின் கீழே மெக்கஸ்கர், கையில் ஒரு காகிதத்தோடு.

"ஜோலின் யாரும்மா?"

"நான்தான் கோச்."

"ஜன்னல் சீட். நாளைக்கு உங்க ஆட்டம். சனிக்கிழமை பகல்ல எங்க ஆட்டம். அது முடிஞ்சதும் எல்லாரும் சேர்ந்து திரும்பறோம். ஞாயிறு முழுக்கத் தூங்கு. திங்கள் காலையில ஆஸ்பத்திரியில இரு. சரியா?"

ஜோலின் பேச வாயெடுத்தாள். அழுகைதான் வந்தது. பின்னால் நின்ற பெண்கள் ஹோவென்று கத்திக்கொண்டு படியேறினார்கள். விலகல் கடிதங்களைக் கெரி இன்னும் ஹோலிஸிடம் கொடுக்கவில்லை. கைப்பைக்குள்ளேயே இருந்தன. எடுத்துக் கிழித்தாள். எத்தனையோ மாதங்களுக்குப் பிறகு நெஞ்சு லேசாக இருந்தது. கூடவே சுருக்கென்றும் இருந்தது.

"அந்தக் கோச்சுங்களுக்கெல்லாம் போன் பண்ணினது..."

"நான்தான். நீ ஹோலிஸ்கிட்ட ஜோலினைப் பத்திக் கெஞ்சினப்போ வெளியிலதான் நின்னுட்டிருந்தேன். பதிமூணு பேர்கிட்ட பேசினேன். அதுல ஒருத்தி உன்னை மாதிரியே ஒரு பாட்டம் திட்டிட்டுத்தான் ஒத்துக்கிட்டா."

"என்கிட்டயாவது சொல்லியிருக்கலாமே கோச்! அன்னைக்கு நான் என்னென்னவோ பேசிட்டேன். ஊரே உங்களைக் காறித் துப்பிச்சு!"

"உன்கிட்ட சொன்னா உன் முகம் காட்டிக் குடுத்திடும். ஹோலிஸ் மோப்பம் பிடிச்சு நாப்பது சீட்டையும் வெட்டியிருப்பாரு."

"பொண்ணுங்களுக்காகன்னு நேரடியாவே கேட்டிருக்கலாமே?"

கடைசிப் பெண்ணும் ஏறிவிட்டதைப் பார்த்துவிட்டு, காகிதத்தை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார் மெக்கஸ்கர்.

"நல்லதுக்குக் கேட்டா யோசிச்சுச் சொல்றோம்பாங்க, கெரி. திமிர்ல கேட்டாத்தான் உடனே எழுதிக்கறாங்க."