நட்டின் மேல் ஒரு நட்சத்திரம்

கோமதிநாயகம் ஸ்பேனர்களை ஒவ்வொன்றாக வண்டியில் மாட்டிப் பார்த்துக்கொண்டிருந்தான். பொருந்துவது பயணப் பைக்கு. பொருந்தாதது கட்டிலுக்கு அடியில்.

பென்னலூர் வாடகை அறையின் வாசலில் அறைச் சிநேகிதன் மகாராஜாவின் புது மோட்டார்சைக்கிள் நின்றது. அதைச் சுற்றிப் பாதி அறை இறங்கிக் கிடந்தது. டியூப், கிளட்ச் ஒயர், காற்றடிக்கும் பம்பு, குரங்குக் குல்லா, ஊரிலிருந்து வந்த புளிக்காய்ச்சல் டப்பா.

"இன்னாபா, வூட்டையே கட்டிகினு போறீங்களா?" என்று கேட்டுக்கொண்டே குடத்தோடு போனாள் வீட்டுக்காரத் தாயாரம்மாள்.

மறுநாள் காலை நேபாளம் கிளம்புகிறார்கள். பாஸ்போர்ட் கேட்காத வெளிநாடு. அதனால் என்ன, வெளிநாடு வெளிநாடுதானே. கோமதிநாயகம் கம்பெனி கேன்டீன் முழுக்க ஃபாரின் போவதாகச் சொல்லிவிட்டு வந்திருந்தான். ஓட்டப்போவதென்னவோ மகாராஜாதான். இவனுக்கு வண்டி செய்யத் தெரியும், ஓட்டத் தெரியாது. நல்ல கூத்து.

மகாராஜா பச்சை ரெயின்கோட் ஒன்றை மடிக்க எடுத்தான்.

அது சுடலைக்கண்ணுவுடையது. அவனும் இதே அறைதான், இதே மோட்டார்சைக்கிள் கம்பெனிதான். மூன்று பேருமாகப் போவதாகத் திட்டம். திட்டம் போட்டவனே அவன்தான். அவனும் மகாராஜாவும் தங்கள் கம்பெனி வண்டியையே ஒரே நாளில் எடுத்தார்கள். மகாராஜா கம்பெனி பஸ்ஸிலேயே போய்வந்து, வண்டியை நேபாளத்துக்கென்று பொத்திப் பொத்தி வைத்திருந்தான். சுடலைக்கண்ணு எடுத்த அன்றிலிருந்து பறந்தான். அந்த வாரமே ஒரகடம் வளைவில் விழுந்து முட்டியை உடைத்துக்கொண்டு, இப்போது ஊரில், சங்கரன்கோவிலில், கட்டிலோடு கிடக்கிறான்.

"நான் வராட்டாலும் என் கோட்டாவது இமயமலையப் பாக்கட்டும்லே" என்று போனில் சொல்லியிருந்தான்.

விழுந்த அன்று ஒரு பீர் குடித்திருந்தான். ஹேண்டில் ஆடியது, சத்தியமாக ஆடியது என்று ஆஸ்பத்திரியில் அழுதான்.

"வண்டி ஆடலலே, நீதாம்லே ஆடிருக்க" என்று கோமதிநாயகம் ஒரு போடு போட்டான்.

எல்லோரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்பு வண்டி பூட்டுகிற லைன் முழுக்கப் பரவி ஊர்வரைக்கும் போய்ச் சேர்ந்தது. குடிகாரனுக்குப் பெண் இல்லை என்று அவனுக்கு நிச்சயம் செய்த வீட்டில் சொல்லிவிட்டார்கள். கடைசியில் சுடலைக்கண்ணுவே நம்பிவிட்டான். தப்பு தன்மேல்தான் என்று போன வாரம் போனில் சொன்னான். கோமதிநாயகமும் அதைக் கேட்டு, இனிமேலாவது திருந்து என்று பெரிய மனுஷன் மாதிரி புத்தி சொன்னான்.

முன்சக்கரத்து ஆக்ஸில் நட்டில் பதினேழாம் நம்பர் ஸ்பேனரை மாட்டினான். பொருந்துகிறதா என்று பார்க்கத்தான்.

ஸ்பேனரோடு நட்டும் கூடவே வந்தது.

ஸ்பேனரை எடுத்துவிட்டு விரலால் திருப்பினான். பாட்டில் மூடி மாதிரி சுற்றியது.

நட்டின் மேல் மஞ்சள் பெயிண்டில் குட்டி நட்சத்திரம் ஒன்று.

லைனில் ஒரு நட்டை இறுக்கியவன் அதன்மேல் மஞ்சள் கோடு போடவேண்டும். கோடு இருந்தால் இறுக்கியாயிற்று என்று அர்த்தம். அப்புறம் சூப்பர்வைசர்கூட அதைத் தொடமாட்டார். முன்சக்கர நட்டு கோமதிநாயகத்தின் வேலை.

சிநேகிதனின் வண்டி லைனில் வந்த அன்று ஒரே விசில் சத்தம். ஊரான் வண்டிக்குப் போடுகிற அதே கோடுதானா இதற்கும்? நட்சத்திரம் போட்டான். ஐந்து முனையும் சரியாக வரவேண்டும் என்று நாக்கைக் கடித்துக்கொண்டு போட்டான். முதலில் இது, இறுக்குவது அப்புறம் என்று நினைத்தது இப்போது ஞாபகம் வந்தது.

இறுக்கியது ஞாபகம் வரவில்லை.

அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டான்.

மகாராஜா குனிந்து பார்த்தான். அவனும் விரலால் சுற்றிப் பார்த்தான். பிறகு நீளமாக மூச்சு விட்டுச் சிரித்தான். நல்ல மனசுக்காரன்.

"நல்லவேளை, வாசல்லயே பாத்துட்டோம். ஏம்லே பேயறைஞ்ச மாதிரி இருக்க? இறுக்கிட்டா முடிஞ்சுது."

ஸ்பேனரை வாங்கி அவனே இறுக்கினான். அழுத்தி இன்னொரு முறை இறுக்கினான். கோமதிநாயகம் எழுந்திருக்கவில்லை.

"அன்னைக்கு ரெண்டு நட்சத்திரம் போட்டேன்" என்றான்.

மகாராஜா மறுபடியும் ரெயின்கோட்டைக் கையில் எடுத்திருந்தான். மடிக்க வந்த கை பாதியில் நின்றது.

அறைக்குப் பின்னால், தாயாரம்மாளின் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில், நீலத் தார்ப்பாயால் மூடிக் கிடந்தது சுடலைக்கண்ணுவின் வண்டி. மினி லாரியில் கொண்டுவந்து இறக்கிய நாளிலிருந்து யாரும் அதைத் தொடவில்லை. குடித்துவிட்டு விழுந்தவனின் வண்டியில் பார்ப்பதற்கு என்ன இருக்கிறது?

கோமதிநாயகம் ஸ்பேனரை எடுத்துக்கொண்டு பின்பக்கம் போனான். மகாராஜா ரெயின்கோட்டோடு பின்னாலேயே போனான்.

தார்ப்பாயை விலக்கியதும் தூசி பறந்தது. ஹெட்லைட் உடைந்து, ஹேண்டில் ஒரு பக்கம் திரும்பியிருந்தது. நட்சத்திரத்துக்கு மட்டும் ஒன்றும் ஆகவில்லை. ஐந்து முனையும் சரியாக இருந்தன.

விரலால் திருப்பினான். பதினேழாம் நம்பர் ஸ்பேனர் தேவைப்படவில்லை.