இரண்டாவது ஆம்

மறைப்புத் துணிக்குள் அவள் தனியே நின்றாள்.

முன்னால் இரண்டு கட்டுச் சீட்டுகள். ஒன்றில் 'ஆம்'. மற்றதில் 'இல்லை'.

ஐரோப்பிய ஒன்றியத்தில் நோர்வே சேரலாமா என்பதுதான் கேள்வி. 'இல்லை'யை எடுத்துப் பெட்டியில் போட வேண்டும். வெளியே விற்கிற வாஃபிள் அப்பத்தை வாங்கிச் சுடச்சுடத் தின்ன வேண்டும். அவ்வளவுதான்.

கை போகவில்லை.

இத்தனைக்கும் அந்த ஊரில் 'இல்லை'க்காக அவளைப்போலத் தொண்டை கிழியக் கத்தியவர்கள் குறைவு.

1994 பிறந்ததிலிருந்து மீன் தொழிற்சாலையில் இரண்டே பேச்சு. பெப்ரவரியில் குளிர்கால ஒலிம்பிக். பனிச்சறுக்குப் போட்டி நடந்தபோது எல்லோரும் மீன் வெட்டுகிற கத்தியும் கையுமாகத் தொலைக்காட்சிக்கு முன்னால் போய் நின்றார்கள். "எங்கட ஆள் முந்துறான்" என்று முதலில் கத்தியது அவள்தான். கத்திய பிறகுதான் 'எங்கட' என்று சொன்னது அவளுக்கே உறைத்தது.

அதற்குப் பிறகு முழுக்க இந்த வாக்கெடுப்புத்தான். சேர்ந்தால் அந்நியக் கப்பல்கள் வந்து மீனை வாரிக்கொண்டு போய்விடும், தொழிற்சாலைக்குப் பூட்டுத்தான் என்றாள் பக்கத்தில் நின்று மீன் வெட்டும் கூன்வோர். கேட்டவள் அதை அப்படியே நம்பினாள். கோட்டில் 'இல்லை' சின்னத்தைக் குத்திக்கொண்டு வீடு வீடாகப் போனாள்.

அந்த வசந்தத்தில்தான் குடியுரிமை கிடைத்திருந்தது.

இது அவளுடைய முதல் வாக்கு. யாழ்ப்பாணத்தில் தேர்தல் நாள் என்றால் கதவைப் பூட்டிக்கொண்டு உள்ளே இருக்கும் நாள்.

முதன்முதலாகப் போடுகிற வாக்கு. அதில் போய் 'இல்லை' என்பதா?

அவள் பிறந்த வீட்டில் அரிசி தீர்ந்தால்கூட 'வாங்க வேணும்' என்றுதான் சொல்லுவார்கள். அதுவும் விளக்கு வைக்கிற நேரத்தில் 'இல்லை' என்ற சொல் வாயில் வரவே கூடாது.

வடகோடியிலுள்ள இந்த ஊரிலோ நவம்பர் கடைசியில் சூரியன் தலைகாட்டுவதில்லை. நாள் முழுக்க விளக்கு வைக்கிற நேரம்தான்.

வெளியே யாரோ செருமினார்கள்.

அவள் கண்ணை மூடிக்கொண்டு ஒரு சீட்டை எடுத்தாள். பெட்டியில் போட்டாள்.

வாஃபிள் வாங்காமலே வீட்டுக்குப் போனாள்.

*

அன்று இரவு ஊர் மண்டபத்தில் முடிவை வாசித்தார்கள். ஊர் முழுக்க 'இல்லை'.

"ஆம், ரெண்டு."

மண்டபம் சிரித்தது. பிறகு சிரிப்பு நின்றது.

ஒன்று யாருடையது என்று எல்லோருக்கும் தெரியும். பள்ளிக்கூட வாத்தியார் ஆர்னுல்ஃப். வருஷம் முழுக்க 'ஆம்' சின்னத்தோடு தனியாளாகத் திரிந்தவர். கடைக்குள் அவர் தலையைக் கண்டால் பேச்சு அடங்கிவிடும்.

மற்றது யார்?

அவளுக்குத் தெரியும். நாடு முழுவதும் இழுபறி என்றார்கள். தன் ஒரு சீட்டால் எல்லாம் கவிழ்ந்துவிட்டால்?

கவிழவில்லை. சொற்ப வித்தியாசத்தில் 'இல்லை' வென்றது. அவள் கூன்வோரைக் கட்டிப்பிடித்துக்கொண்டு துள்ளினாள். அழுதும் விட்டாள்.

*

மறுநாள் தொழிற்சாலையில் ஒரே துப்பறியும் வேலை.

கூன்வோரின் சந்தேகம் புருஷன்மேல். "வாத்தியாரோட தூண்டில் போடப் போற ஆள். வேற ஆராயிருக்கும்? காலமை அவனுக்குக் கோப்பி ஊத்தேல்லை."

பாவம் அந்த மனுஷன். அவளால் பொறுக்க முடியவில்லை. மதிய இடைவேளையில் எல்லாவற்றையும் சொல்லிவிடுவது என்று முடிவெடுத்தாள். அரிசி, விளக்கு, எல்லாம். சிரித்தால் சிரித்துவிட்டுப் போகட்டும்.

எல்லோரும் சாப்பாட்டு அறையில் உட்கார்ந்தார்கள். அவள் வாயைத் திறக்கும்போது கதவு திறந்தது.

வாத்தியார். கையில் பெரிய கிரீம் கேக். தோற்றவர் கேக் வாங்கிக் கொடுப்பது அங்கே வழக்கம்.

கேக்கை மேசையில் வைத்தார். தொப்பியைக் கழற்றினார். போகாமல் நின்றார்.

"இந்த ஊரிலை நான் மட்டுந்தான் எண்டு நினைச்சிருந்தன். ரெண்டு எண்டு வாசிச்ச உடனை தோத்த கவலையே போயிட்டுது. அது ஆரெண்டு சொல்ல வேண்டாம். நன்றி."

கண் கலங்கியிருந்தது. கிழவரில்லை, இளைஞருமில்லை. நெடுநாள் பேச ஆளில்லாத ஒரு மனிதர்.

அவள் எழுந்தாள்.

"நான்தான்."

யாரோ கரண்டியைத் தவறவிட்டார்கள். கூன்வோரின் வாய் பிளந்தது.

"உண்மையாவா?" என்றார் வாத்தியார்.

அரிசியும் விளக்கும் நாக்கு நுனிவரை வந்தன. அவருடைய முகத்தைப் பார்த்தாள்.

தலையாட்டினாள்.

அவர் ஓடிவந்து அவளுடைய கையை இரண்டு கையாலும் பிடித்துக் குலுக்கினார். கேக்கில் பெரிய துண்டாக வெட்டி அவளுக்கு முதலில் கொடுத்தார். பிறகு ஒரு கதிரையை இழுத்து அவளுக்குப் பக்கத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்.

எழுந்து போகவிருந்த இரண்டு பேர் போகாமல் இருந்தார்கள். யாரோ அவருக்கும் ஒரு கோப்பி ஊற்றினார்கள்.

அவர் பேச ஆரம்பித்தார். சந்தை, எல்லை, நாணயம், வருங்காலம். ஒரு வருஷமாகச் சேர்த்து வைத்திருந்த பேச்சு அத்தனையும்.

அவளுக்கு ஒரு சொல்லிலும் உடன்பாடில்லை. கேக் மிக நன்றாக இருந்தது.

"நீங்கள் என்ன நினைக்கிறீங்கள்?" என்று இடையிடையே கேட்டார்.

"மிச்சத்தையும் சொல்லுங்கோ," என்றாள் அவள்.