மயிலின் காலடியில் ஒரு குழாய்

ஊருக்குள்ளேயே ஓடும் குட்டி ரயிலுக்கு ஒரு ஸ்டேஷன். அதன் சுவரில் பெரிய மயில் ஒன்றை வரைந்திருந்தார்கள். மயிலின் காலடியில் குடிதண்ணீர்க் குழாய் இருந்தது.

கிட்டே வருகிறவர்கள் எல்லாரும் குனிவது மயிலுக்கு ஆச்சரியமாக இருந்தது.

"ஏன் குழாயக்கா, எல்லாரும் என்னை இப்படிக் குனிஞ்சு குனிஞ்சு கும்பிடறாங்க?"

"நீ முருகன் ஏறுற மயிலாச்சே, அதனால இருக்கும்," என்றது குழாய், சிரிப்பை அடக்கிக்கொண்டு.

"அப்போ நீ கொஞ்சம் தள்ளி இருக்கக் கூடாதா? என் கால்ல தண்ணி தெறிக்குது."

ஒரு நாள் குழாயில் தண்ணீர் நின்றுபோனது. ஸ்டேஷனில் கூட்டம் குறையவில்லை. ஆனால் மயில் பக்கம் ஒருவரும் வரவில்லை. மறுநாளும் அப்படியே.

"அக்கா, ஒருத்தர்கூட என்னைத் திரும்பிப் பார்க்கலையே. நான் வெளுத்துப் போயிட்டேனா?"

"இல்ல கண்ணு. எனக்குத்தான் தண்ணி வரல."



மூன்றாம் நாள் தண்ணீர் வந்தது. கைக்குழந்தையோடு வந்த ஓர் அம்மா குனிந்து வயிறு நிறையக் குடித்தாள். ஈர முகத்தை நிமிர்த்தி, "மயிலைப் பாருடா செல்லம், என்னா அழகு!" என்றாள்.

மயில் அவளைப் பார்க்கவில்லை. தலைகுனிந்து குழாயையே பார்த்துக்கொண்டிருந்தது.